‘பாய்லர்’ என்று ஒரு சொல்: கோத்தகிரி ஃபிட்டர் ஒருவரின் வெளிநாட்டு வேலைத் தேடலும் ஏ.ஐ.யும்

பின்னணி

கோத்தகிரியில் டானிங்டன் பக்கம் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பயோடேட்டா டைப் அடிப்பது, இதுதான் பிழைப்பு. 2024 நவம்பரிலிருந்து 2025 ஆகஸ்ட் வரை என் கடை மேஜையில் நடந்த ஒரு வேலைத் தேடலை இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர் படித்துப் பார்த்து சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். பெயர், ஊர், நிறுவனம் எதுவும் இருக்காது.

அவருக்கு வயது 29. பத்தாவது முடித்து, அரசு ஐ.டி.ஐ.யில் இரண்டு வருட ஃபிட்டர் படிப்பு. ஏழு வருடமாக ஒரு பாட்லீஃப் ஃபேக்டரியில் மெக்கானிக். சொந்தத் தோட்டம் இல்லாமல், சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் ஃபேக்டரியை இங்கே அப்படித்தான் சொல்வோம். சம்பளம் 17,000 ரூபாய். பனிக்காலத்தில் இலை வரத்து குறைந்தால் அதுவும் பத்து நாள் தள்ளித்தான் வரும். தங்கை கல்யாணக் கடன் மூன்று லட்சம் பாக்கி.

குடும்பம் 1964ஆம் வருட சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பியது. அப்பா பையனாக இருக்கும்போது தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரம், மண்டபம் முகாம் என்று தங்கி, கடைசியில் மலையேறியவர். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

வெளிநாட்டு வேலை என்றதும் அவருக்கு வந்த முதல் வழி, தெரிந்தவருக்குத் தெரிந்த ஒரு ஏஜெண்ட். துபாய், 1,20,000 ரூபாய், விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம். அவர் பணம் கட்டவில்லை. “போன்ல ஏ.ஐ. இருக்கே அண்ணா, அதுலயே தேடிக்கலாமா?” என்று என்னிடம் வந்தார்.

முதல் பயோடேட்டா

இந்த இடத்தில் தவறு என்னுடையது, அவருடையது அல்ல.

அவர் சொன்னதை அப்படியே தமிழில் டைப் அடித்து ஏ.ஐ. செயலியில் போட்டேன். “சி.டி.சி. பார்ப்பேன், மோட்டார் பார்ப்பேன், ட்ரையர் பார்ப்பேன், பாய்லர் பார்ப்பேன். நைட் ஷிப்ட்ல நான்தான் தனியா.” சி.டி.சி. என்றால் இலையை நசுக்கி வெட்டும் ரோலர் மெஷின். வெளிநாட்டுக்கு அனுப்பும்படி நல்ல ஆங்கிலத்தில் பயோடேட்டா கொடு என்று கேட்டேன். அரை நிமிடத்தில் இரண்டு பக்கம் வந்தது. ஏழு வருடமாக நான் டைப் அடித்த எந்த பயோடேட்டாவும் அவ்வளவு மிடுக்காக இருந்ததில்லை. அதில் அவர் ‘சர்டிஃபைடு பாய்லர் ஆபரேட்டர்’. நீராவி அமைப்புகளில் அனுபவசாலி. ஐந்து பேர் கொண்ட குழுவின் தலைவர்.

நான் மேலோட்டமாகப் பார்த்தேன். ஆங்கிலம் நன்றாக இருந்ததால் விஷயமும் சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அவரோ, ஆங்கிலம் எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் படித்துப் பார்க்கவே இல்லை. 2025 ஜனவரியில் நாற்பது இடங்களுக்கு மேல் அனுப்பினோம்.

முதல் நேர்காணல்

பிப்ரவரி முதல் வாரத்தில் வளைகுடாவிலுள்ள ஒரு உணவுத் தொழிற்சாலையிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. என் கடையிலேயே உட்காரவைத்தேன். பெயர், ஊர் கேட்ட பிறகு முதல் கேள்வியே பாய்லரைப் பற்றித்தான். சான்றிதழ் எந்த கிளாஸ், எத்தனை டன், வேலை செய்யும் அழுத்தம் எவ்வளவு?

அவர் தெரிந்த ஆங்கிலத்தில் உண்மையைச் சொன்னார். “நோ பிரஷர் சார். விறகு போடுவோம், ஹாட் ஏர் வரும்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். மொத்தம் நான்கு நிமிடம்.

விஷயம் இதுதான். அவர் ஃபேக்டரியில் ட்ரையருக்குச் சூடான காற்று தருவது விறகில் எரியும் ஏர் ஹீட்டர். தண்ணீர் கிடையாது, நீராவி கிடையாது. ஆனால் அங்கே எல்லோர் வாயிலும் அதற்குப் பெயர் பாய்லர். நிஜமான நீராவிக் கொதிகலன் என்றால் கதையே வேறு. கொதிகலன் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளின்படி, தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் பொறுப்பில்தான் அதை இயக்க வேண்டும். ஏ.ஐ.க்கு நாங்கள் கொடுத்தது ஒரு சொல். அந்தச் சொல்லுக்கு உலகம் தரும் பொருளை எடுத்து, அதற்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று ஒரு சான்றிதழையும் அதுவே சேர்த்துவிட்டது. பொய் சொல்ல வேண்டும் என்று மூன்று பேரில் யாருமே நினைக்கவில்லை. ஆனால் அனுப்பியது பொய்தான்.

அவர் கோபப்படவில்லை. “நானும் சும்மா ‘பார்ப்பேன்’னு சொல்லியிருக்கக் கூடாதுணா” என்றார். அதுவும் உண்மை. ‘பார்ப்பேன்’ என்பதற்குள் துடைப்பதும் அடங்கும், பிரித்து மாட்டுவதும் அடங்கும்.

சொல் நோட்டு

அதன் பிறகு முறையை மாற்றினோம். ஏ.ஐ.யை எழுதவிடாமல் கேட்கவைத்தோம். தமிழில், ஒரு தடவைக்கு ஒரு கேள்வி மட்டும். பதில் தெளிவாக இல்லாவிட்டால் மறுபடி கேள். நாங்கள் சொல்லாத எதையும் நிரப்பாதே. இந்த நான்கு வரியை ஒவ்வொரு முறையும் முதலில் போட்டோம்.

இதில்தான் அது உருப்படியாக வேலை செய்தது. நான் ஏழு வருடம் கடை நடத்தியும் கேட்கத் தோன்றாததையெல்லாம் கேட்டது. மோட்டார் எத்தனை ஹெச்.பி.? பேரிங் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மாற்றுகிறீர்கள்? மாற்ற வேண்டும் என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? இரவில் மெஷின் நின்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

கடைசிக் கேள்விக்கு அவர் சிரித்தார். “யாரையும் இல்ல, என்னைத்தான் கூப்பிடுவாங்க.” அப்புறம் ஒரு இரவைச் சொன்னார். சி.டி.சி.யில் ஒரு ஜோடி ரோலரில் ஒன்று மெதுவாகச் சுற்றும், மற்றது ஏறக்குறைய பத்து மடங்கு வேகத்தில் சுற்றும். நடுவில் இடைவெளி காகிதக் கனம்தான். நடு ராத்திரியில் மூன்றாவது ‘கட்’டில், அதாவது வரிசையில் மூன்றாவது ரோலர் ஜோடியில், பேரிங் போய்விட்டது. முன்னால் இரண்டு ‘கட்’டில் வெட்டிய இலை பெல்ட்டில் நிற்கிறது. அது அதிக நேரம் கிடந்தால் பதம் தாண்டிப் போகும், தூளுக்கு விலை கிடைக்காது. மூன்றாவது ‘கட்’டைத் தாண்டி இலையைத் திருப்பிவிட்டு, ஐம்பது நிமிடத்தில் பேரிங்கை மாற்றி மறுபடி ரோலர் இடைவெளியைச் சரியாக வைத்திருக்கிறார். ஏழு வருடத்தில் இதை யாரிடமும் ஒரு சாமர்த்தியமாகச் சொன்னதில்லை. தினப்படி வேலைதானே என்று நினைத்திருக்கிறார்.

புதிய பயோடேட்டாவில் பாதிப் பக்கம் அந்த இரவுதான்.

கூடவே நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டோம். இடது பக்கம் ஃபேக்டரியில் சொல்லும் சொல், வலது பக்கம் வெளியில் சொல்லும் சொல். பாய்லர் என்று எழுதி, எதிரே ஏர் ஹீட்டர் என்று சிவப்புப் பேனாவில் எழுதினார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஏ.ஐ. சொன்ன பொருளை உடனே ஏற்காமல், அந்த பாகத்தின் படத்தை இணையத்தில் எடுத்து “இதுதானா?” என்று அவரிடம் காட்டினேன். ஏழெட்டுச் சொல் தப்பாக வந்தது. மெஷினை எனக்குத் தெரியாது, ஆங்கிலப் பெயர் அவருக்குத் தெரியாது. படம் இல்லாவிட்டால் மறுபடியும் பாய்லர் கதைதான்.

இன்னொரு உதவியும் கிடைத்தது. ‘ஃபிட்டர், துபாய்’ என்றே தேடிக்கொண்டிருந்தோம். உணவுப் பொருள் பேக்கிங் தொழிற்சாலைகளின் பராமரிப்பு வேலையைப் பார்க்கலாமே, கன்வேயர், கியர்பாக்ஸ், பேரிங் எல்லாம் இதேதானே என்று அது சொன்னது. துபாயில் தேயிலை விளையாது, ஆனால் உலகத்துத் தேயிலை அங்கே வந்து, கலந்து, பேக் ஆகி வெளியே போகிறது. ஜெபல் அலியில் இதற்கென்று ஒரு தேயிலை மையமே 2005லிருந்து இருக்கிறது. விசாரித்தேன், சரியாகவே இருந்தது.

முகவர் தேடல்

அதே ஏ.ஐ.யிடம் சென்னையில் பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் கேட்டோம். ஐந்து பெயர் தந்தது, உரிம எண்ணோடு. எண்ணைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகமே வராது.

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் எவரும் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். ‘இ-மைக்ரேட்’ தளத்தில் யார் பதிவில் இருக்கிறார்கள், யாருடையது காலாவதி, யார் இடைநீக்கத்தில் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எங்கள் ஐந்தில் இரண்டு அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஒன்று காலாவதி. மீதி இரண்டில் ஒன்றின் எண் வேறு யாருடையதோ. அதற்குப் பிறகு முகவர் பெயர் எதையும் ஏ.ஐ.யிடம் கேட்கவில்லை, தளத்திலிருந்தே எடுத்தோம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் பதிவு செய்தோம். 1978லிருந்து இருக்கும் நிறுவனம், ஆனால் மலையில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அந்தச் சமயத்தில் அவர் தொழிலுக்கு அழைப்பு எதுவும் இல்லை.

பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆக 35,400. முதல் ஏஜெண்ட் கேட்ட 1,20,000ஐ இதன் பக்கத்தில் எழுதிக் காட்டியபோது அவர் ஒன்றும் பேசவில்லை.

வாட்ஸ்அப்பில் வந்த கடிதம்

மார்ச்சில் கனடாவிலிருந்து ‘வேலை உத்தரவு’ வந்தது. ஹோட்டல் பராமரிப்பு, மாதம் மூன்றரை லட்சம் ரூபாய்க்குச் சமமான சம்பளம். எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க கனடா அரசிடம் வாங்கும் ஒப்புதல்) கட்டணம் என்று 48,000 ரூபாய் மூன்று நாளுக்குள் கட்ட வேண்டும்.

முன்பெல்லாம் இப்படிப்பட்ட கடிதத்தை நான் ஆங்கிலத்தை வைத்தே பிடித்துவிடுவேன், இரண்டாவது வரியில் பிழை வரும். இதில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. எங்கள் பயோடேட்டாவை எழுதிய மாதிரியே ஏதோ ஒரு ஏ.ஐ. இதையும் எழுதியிருக்கும் போல.

கடிதத்தைப் போட்டு “இது உண்மையா?” என்று கேட்டோம். முறையாக எழுதப்பட்டிருக்கிறது, இருந்தாலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று வழவழவென்று ஒரு பதில். கேள்வியை மாற்றினேன். “கனடாவில் எல்.எம்.ஐ.ஏ. கட்டணத்தை யார் கட்ட வேண்டும்?” வேலை தருபவர், 1,000 கனடிய டாலர், தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று நறுக்கென்று வந்தது. கனடா அரசின் தளத்திலும் அப்படியே இருந்தது. போதாததற்கு, பணம் போக வேண்டிய யு.பி.ஐ. எண் ஒரு தனி ஆளுடையது.

அவருக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. மூன்றரை லட்சம் என்ற எண் கண்ணுக்குள்ளேயே நின்றது. பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போனார். அப்பா கண்ணாடி போட்டு முத்திரையைத் தடவிப் பார்த்தாராம். “உங்க தாத்தாகிட்டயும் சீல் வச்ச காகிதம் இருந்துச்சு. அதுலயும் எல்லாம் நல்லாத்தான் எழுதியிருந்துச்சு” என்று சொல்லிவிட்டு மடித்துக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலையில் அவரே அந்த எண்ணை பிளாக் செய்தார்.

இரண்டாவது நேர்காணல்

தளத்திலிருந்து எடுத்த ஒரு சென்னை முகவர் மூலம் மே மாதம் அழைப்பு வந்தது. அமீரகத்தில் ஒரு உணவுப் பொருள் பேக்கிங் தொழிற்சாலை, பராமரிப்பு டெக்னீஷியன்.

மூன்று வாரம் பயிற்சி எடுத்தார். ஃபேக்டரியில் சிக்னல் கிடைப்பது மேல்தளத்தில், இலை வாடப்போடும் ட்ரஃப் ஓரத்தில்தான். ஷிப்ட் முடிந்ததும் அங்கே நின்று போனில் ஏ.ஐ.யோடு ஆங்கிலத்தில் பேசுவார். ஃபேன் இரைச்சலில் அது பாதியைத் தப்பாகக் கேட்டுக்கொண்டு தப்பான பதில் சொல்லும். அதுவும் ஒரு பயிற்சிதான் என்றார். முதலில் எதைச் சொன்னாலும் ‘மிக அருமை’ என்றே பாராட்டிக்கொண்டிருந்தது. பாராட்டாதே, தப்பை மட்டும் சொல் என்று கட்டளை போட்ட பிறகுதான் பிரயோஜனப்பட்டது.

ஒரு பதிலில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. கியர்பாக்ஸ் கெடப்போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? அவர் பதில்: ஸ்க்ரூடிரைவர் நுனியைக் கியர்பாக்ஸ் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பேன். இது தொழில்முறையாக இல்லை, அதிர்வு அளவீடு என்று சொல்லுங்கள் என்றது ஏ.ஐ. நானும் அதையே சொன்னேன்.

நேர்காணல் அன்று மழை, கரண்ட் போய்விட்டது. என் போன் ஹாட்ஸ்பாட்டில் பேசினார். அதே கேள்வி வந்தது. கொஞ்சம் தயங்கினார், அப்புறம் மேஜையிலிருந்த என் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் காதில் வைத்துக் காட்டினார். அந்தப் பக்கத்தில் இருந்த எஞ்சினியர் சிரித்துவிட்டார். தானும் அப்படித்தான் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். அதற்கு மேல் பேச்சு முப்பது நிமிடம் போனது. பயோடேட்டாவிலிருந்த அந்த பேரிங் இரவை ஒவ்வொரு படியாகக் கேட்டார்கள்.

எடுத்த முடிவும் அதன் பின்னும்

சம்பளம் 1,800 திர்ஹாம், நாற்பதாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். அறையும் போக்குவரத்தும் அவர்களுடையது. இங்கே ஒரு வாரம் வீணானது. இந்த வேலைக்கு 3,500 முதல் 4,500 வரை கிடைக்கும் என்று ஏ.ஐ. முன்பே சொல்லிவைத்திருந்தது. குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று அவர் மறுக்கவே பார்த்தார். அரவேணுப் பக்கத்து ஆள் ஒருவர் ஷார்ஜாவில் இருக்கிறார். அவரைப் பிடித்துக் கேட்டதில், அந்த ஊர் அனுபவம் இல்லாமல் புதிதாக வருபவருக்கு 1,600, 2,000க்குள்தான் என்றார். சரி என்று ஒப்புக்கொண்டார்.

அமீரகச் சட்டப்படி ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. நம் சட்டமோ முகவருக்கு 30,000 வரை அனுமதிக்கிறது. முகவரிடம் கேட்டோம், குறையவில்லை. வேறு வழியில்லாமல் 35,400 கட்டினார், ஆனால் வங்கி வழியாக, ரசீதோடு. இதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை.

அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் வேலை ஒப்புதல் படிவம் அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளியின் மொழியிலும் வருகிறது. அந்த மொழிகளில் தமிழும் உண்டு. அவர் தமிழ்ப் பத்தியை வரி வரியாகப் படித்தார், அப்பாவும் படித்தார். படிவ எண்ணை அமைச்சகத் தளத்தில் போட்டுச் சரிபார்த்தோம். பத்தாவது முடித்திருப்பதால் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற முத்திரை இல்லை, ஆகவே அந்த வேலை மிச்சம். ஐ.டி.ஐ. சான்றிதழுக்கு அரசு முத்திரைகள் வாங்கத்தான் ஐந்து வாரம் ஆனது.

ஆகஸ்டில் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பினார். மூன்று மாதச் சம்பளம் தேதி தவறாமல் வங்கியில் விழுந்திருக்கிறது. பாஸ்போர்ட் அவர் கையிலேயே இருக்கிறது. அறையில் நான்கு பேர் என்றார்கள், ஆறு பேர் இருக்கிறார்கள். வெயிலைத் தாங்க முடியவில்லை என்கிறார். கோத்தகிரிக்காரன் வேறு என்ன சொல்வான்.

மறுபடி செய்தால்

முதல் நாளே எழுதச் சொல்லாமல் கேட்கச் சொல்வேன். அந்த நாற்பது விண்ணப்பங்களும் இன்னும் எங்கெங்கோ அவர் பெயரில் பொய் சொல்லிக்கொண்டிருக்கின்றன, திரும்ப வாங்க முடியாது. ஆங்கிலப் பயோடேட்டாவைத் தமிழில் திருப்பி, ஆளை உட்காரவைத்து வாசித்துக் காட்டாமல் அனுப்ப மாட்டேன். பத்து நிமிட வேலை.

சம்பளத்தை முதலிலேயே ஆளிடம் கேட்பேன். சான்றிதழ் வேலையை நேர்காணலுக்குக் காத்திராமல் தொடங்குவேன். ஆரம்பத்தில் பாஸ்போர்ட் நகலை அப்படியே செயலியில் ஏற்றியதும் தவறு, இப்போது எண்ணை மறைத்துவிட்டுத்தான் எதையும் போடுகிறேன். ஸ்க்ரூடிரைவர் விஷயத்தில் ஏ.ஐ. பக்கம் நின்றதற்கு அவரிடம் ஏற்கெனவே மன்னிப்புக் கேட்டாயிற்று.

போன வாரம் அதே ஃபேக்டரியிலிருந்து இன்னொரு பையன் வந்தான், வயது 24. கையில் அந்தச் சொல் நோட்டின் ஜெராக்ஸ், எங்கள் கடையில் எடுத்ததுதான். பயோடேட்டாவுக்கு என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டேன். “சி.டி.சி., ட்ரையர்” என்று தொடங்கியவன் நிறுத்தி, பக்கத்தைப் புரட்டி, விரல் வைத்து, “ஏர் ஹீட்டர்ணா” என்றான்.